மாமாவுக்கு வந்த கடிதங்கள்

எங்கள் தொழிலில் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் பாலிதீன் உறையின் சரசரப்புதான் காதில் விழும். தில்லி கோல் மார்க்கெட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் அறை. படிக்கட்டில் பல்பு கிடையாது. ஜவுளிக்கடை உறையில் கல்யாணப் பத்திரிகை, ஆல்பம், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு ஏறிவரும் சத்தத்திலேயே விஷயம் புரிந்துவிடும். மொடமொடவென்று கேட்டால் புது மனு. சத்தமே இல்லாமல் உறை துணி மாதிரித் துவண்டிருந்தால், ஏற்கெனவே ஒருமுறை மறுத்துத் திருப்பி அனுப்பியாகிவிட்டது.

வெளிநாட்டில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விசா கேட்பவர்களுக்கு மனு தட்டச்சு செய்து, தமிழ்க் காகிதங்களை ஆங்கிலமாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. நேர்காணல் காலை எட்டு மணிக்கு. ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர்கள் முதல்நாள் சாயங்காலம்தான் என்னைத் தேடி வருவார்கள். அதனால் தொண்ணூறுகள் முழுக்க எனக்கு ராத்திரிதான் பகல். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆங்கிலம் இந்தப் படிவங்களைப் படித்துப் படித்தே வந்தது. நான் ஆங்கிலத்தில் டீ கேட்டால்கூட விண்ணப்பிப்பது போலிருக்கும் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்வார். தூதரக வாசலில் ஒரு நாளாவது நின்ற வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

முதல் சந்திப்பு

மல்லிகாவின் உறை சத்தம் போடவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண். கூடவே குரங்குக் குல்லாய் போட்ட அப்பா, செல்லையா. கணவன் முருகேசன் அவளுக்கு அத்தை மகன். குளிர் அதிகமுள்ள ஒரு நாட்டில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. கல்யாணத்துக்கு வந்தவன் பத்தொன்பது நாள் இருந்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் மூன்று வருடம். முதல் மனுவை மறுத்துவிட்டார்கள். இது இரண்டாவது. நல்லவேளை, இந்தமுறை நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். இதையும் மறுத்தால் மேல்முறையீடு, அதற்கு இன்னும் இரண்டு வருடமாவது ஆகும்.

மறுத்ததற்கு ஆரம்பமே நேர்காணலின் முதல் கேள்விதான். கணவரை முதன்முதலில் எப்போது சந்தித்தீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இவள் ஒரு தேதி சொல்லியிருக்கிறாள். அது பாஸ்போர்ட்டில் இருந்த அவளுடைய பிறந்த தேதி. கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று மறுபடி கேட்டிருக்கிறார். இவளும் மறுபடி அதே தேதியைச் சொல்லியிருக்கிறாள். ஏனம்மா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நெசந்தான சார். நான் பொறந்த அன்னிக்கே அத்தையோட அவுகளும் ஆஸ்பத்திரிக்கு வந்தாகளாம். அப்ப அவுகளுக்கு அஞ்சு வயசு."

ஒன்பதாம் கட்டம்

மல்லிகா வந்த அதே வாரம் ஜனக்புரி அந்தோணியும் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மனைவி நர்ஸ், வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போயிருந்தாள். இப்போது அவள்தான் கணவனையும் குழந்தையையும் அழைக்கிறாள். அந்தோணி படிவத்தை வீட்டிலேயே பென்சிலால் நிரப்பி எடுத்து வந்திருந்தார். எல்லாம் சரி. ஒன்பதாம் கட்டத்தில் மட்டும், யார் யாரைச் சார்ந்து இருக்கிறார்கள் என்ற இடத்தில், மனைவி தன்னைச் சார்ந்திருப்பதாக எழுதியிருந்தார்.

அப்படி எழுதினால் சம்பாதிக்கிற ஆளே நீங்கள்தான் என்றாகிவிடும், பிறகு அவள் எப்படி உங்களை அழைக்க முடியும் என்று எடுத்துச் சொன்னேன். ஒரு டீ குடித்து முடிக்கும்வரை ரப்பரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவரே அழித்தார்.

"மாத்தி எழுதிக்கங்க சார். மாமனார் வீட்டுக்கு ஒரு காப்பி அனுப்பணும். அதுல மட்டும் அந்தக் கட்டத்தை மடிச்சு ஜெராக்ஸ் எடுங்க."

இந்தியா கேட்

கல்யாணம் உண்மை என்பதற்கு அத்தாட்சி வேண்டும். போட்டோ, கடிதம், டெலிபோன் பில். (என் மனைவி திருச்சியில் டீச்சர். வருடத்தில் இருபது நாள் பார்த்துக்கொள்கிறோம். எங்களிடம் யாரும் அத்தாட்சி கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்போம்.) நம் கல்யாண ஆல்பங்களில் நூறு போட்டோ இருந்தாலும் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கும் போட்டோ ஒன்று தேறாது. எவர்சில்வர் குடம் கொடுக்கும் சித்தப்பாவைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

லக்ஷ்மிபாய் நகர் பெண் ஒருத்தி. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். கணவர் கும்பகோணம், லீவில் வந்திருந்தார். இந்தியா கேட்டுக்குப் போய்க் கொஞ்சம் நெருக்கமாக நான்கு போட்டோ எடுத்து வாருங்கள் என்று அனுப்பினேன். துணைக்குப் பெண்ணின் அப்பாவும் போயிருக்கிறார். பெண் "அச்சா, ஜல்தி வாங்க" என்று கூப்பிட, மாப்பிள்ளை இரண்டடி தள்ளியே நின்றாராம். கடைசியில் அவர் மனைவியின் காதோடு சொன்னதை அவளே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"தோள்ல கை போடறேன். மாமாவைக் கொஞ்சம் ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்றியா?"

நீளமான முடி

மல்லிகாவிடம் அப்படி நான்கு போட்டோகூட இல்லை. கடிதம் இருக்கிறதா என்றேன். தனக்கு ஒன்றும் வரவில்லை என்றாள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பெண்டாட்டி பேருக்குக் கடிதம் போடுவது மரியாதையில்லை என்று முருகேசன் எல்லாவற்றையும் மாமாவுக்கே எழுதியிருக்கிறான். செல்லையா மடியிலிருந்து ஒரு கட்டு எடுத்து வைத்தார். மூன்று வருடத்துக் கடிதங்கள்.

வேறு வழியில்லாமல் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். எனக்கு வாய்விட்டுப் படித்துக்கொண்டேதான் தட்டச்சு செய்ய வரும். அன்புள்ள மாமாவுக்கு. மழை உண்டா? வடக்குச் சுவர் ஒழுகுவது நின்றதா? மல்லிகாவைக் கேட்டதாகச் சொல்லவும். எல்லாம் இதே கதை. இதை வைத்து ஒரு அதிகாரியும் அசையமாட்டார் என்று நினைத்தபோது ஏழாவது கடிதம் வந்தது. 'தலைவலி என்று எழுதியிருந்தீர்கள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு கொல்லையில் நிற்க வேண்டாம். நீளமான முடி, காய நேரமாகும்.' நான் நிமிர்ந்து பார்த்தேன். ஹீட்டர் சூடு தாங்காமல் செல்லையா அப்போதுதான் குல்லாயைக் கழற்றியிருந்தார். சுத்த வழுக்கை.

மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. செல்லையாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வரும் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டுவதும் அவள்தான், அவர் பெயரில் பதில் எழுதுவதும் அவள்தான். இது முருகேசனுக்கும் தெரியும். மூன்று வருடமாக இரண்டு பேரும் மாமாவின் பெயரில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். செல்லையா என் கையிலிருந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"அந்த வரிய நீ எனக்குப் படிக்கவே இல்லையே, ஆத்தா."

பழக்கம்

அன்று ராத்திரியே எஸ்.டி.டி. பூத்திலிருந்து முருகேசனைப் பிடித்தோம். மல்லிகா எழுதிய பதில்களை அவன் ஒன்றுவிடாமல் வைத்திருந்தான். கூரியரில் அனுப்பினான். தேதி வாரியாக இருவர் கடிதங்களின் ஜெராக்ஸையும் அடுக்கி, ஏன் இப்படி எழுதிக்கொண்டார்கள் என்று ஒரு பக்கம் விளக்கம் எழுதிச் சேர்த்தேன். என் வாழ்க்கையில் விண்ணப்பம் மாதிரி இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதிய ஒரே பக்கம் அது.

நேர்காணலில் அதிகாரி எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, இவை உங்கள் கையெழுத்துதான் என்று எப்படி நம்புவது, கணவருக்கு எழுதுவது போல இங்கேயே நாலு வரி எழுதுங்கள் என்று தாளை நீட்டியிருக்கிறார். இவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நலம், நலமறிய ஆவல். கீழே, இப்படிக்கு மாமா, செல்லையா. தூதரக மொழிபெயர்ப்பாளர் அதைப் படித்துச் சொன்னதும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தாராம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் வந்து விசாவோடு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

"வேணும்னு செய்யல சார். கை தானா அப்பா பேரப் போட்டுருச்சு."

கேசட்

ஊருக்கு ரயிலேறும் முன் இரண்டு பேரும் என்னிடம் இருந்த அசல் கடிதக் கட்டை வாங்க வந்தார்கள். மல்லிகாவின் முகத்தில் சந்தோஷம் முழுசாக இல்லை. இனி அங்கிருந்து கடிதம் வந்தால் அப்பாவுக்கு யார் படித்துக் காட்டுவது என்பதுதான் அவள் கவலை. பக்கத்து வீட்டுப் பையன் வேண்டாம், ஊர் பூராவும் சொல்லிவிடுவான். யோசித்து யோசித்து, டேப் ரெக்கார்டர் ஒன்று வாங்கி வைத்துவிட்டுப் போகிறேன், இரண்டு பேரும் கேசட்டில் பேசி அனுப்புகிறோம் என்றாள். செல்லையா குல்லாயைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கேசட்டே அனுப்பு ஆத்தா. அதுல எதையும் விட்டுட்டுப் படிக்க முடியாதுல்ல."

பாலிதீன் உறை சத்தமில்லாமல் படி இறங்கிப் போனது. இத்தனை வருடம் அடுத்தவர் கல்யாணங்களை உண்மை என்று நிரூபித்துக் கொடுத்ததில் எனக்குத் தெரியவந்தது, ஒழுங்காக நடக்கிற கல்யாணத்துக்குத்தான் அத்தாட்சி தேடித் திண்டாட வேண்டியிருக்கிறது என்பது மட்டும்தான். அந்தோணியின் பாஸ்போர்ட் போட்டோக்கள் மேஜையில் வெட்டாமல் கிடந்தன. கத்தரியை எடுத்து, காது விட்டுப் போகாமல், ஓரத்தைச் சீராக வெட்ட ஆரம்பித்தேன்.