கருவாட்டு வாடையும் எரியப்போன துணியும்

அன்பானவர்களே, எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் கண்ணீரோடு சாட்சி சொன்னீர்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வருகிறது. சேசு என் செபத்தைக் கேட்டார் என்பது சத்தியம். ஆனாலும் அதைக் கோபத்தோடுதான் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரோஸ்லின். கடலோரத்துத் திரேஸ்புரத்தில் பிறந்து, திரேஸ்புரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரர் அமலன் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். போன வருடம் பொங்கல் கழித்து ஒரு நாள் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். ஏற்றுமதிச் சரக்கு வைக்கிற ஒரு குடோன் வாசலில் லாரி நின்றது. பின்பக்கம் உப்பளத்தை ஒட்டிப் புகை. குப்பையை எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எட்டிப் பார்த்தேன்.

குப்பை இல்லை. துணி! புத்தம் புதுப் பருத்தித் துணி. சுருளைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. நீலப் பூப் போட்டது, மஞ்சள் கட்டம் போட்டது, எல்லாம் கிடந்து எரிகிறது.

குடோன் மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "அதெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனி ஆர்டரும்மா. இந்த சீசனுக்கு இந்தக் கலர் வேண்டாம்னு கேன்சல் பண்ணிட்டான். மலிவா வெளிய போனா அவன் பேரு கெட்டுருமாம். எரிச்சு, போட்டோ எடுத்து அனுப்பணும்" என்றார்.

பேர் கெட்டுருமாம்! மூத்தவளின் யூனிபார்மைப் பிடித்துத் தைத்து இளையவளுக்குப் போட்டு அனுப்புகிறவள் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு பிள்ளை அந்தத் துணியில் சட்டை போட்டால் கெட்டுப்போகிற பேர், தீ வைத்தால் மட்டும் நிலைக்குமா? அங்கேயே கத்தினேன். அமலன் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை.

தொல்லை தாங்காமல் மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி கம்பெனியிடம் பேசினாராம். மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டுப் பதில் சொன்னார். "ஓரத்துல அச்சடிச்ச பேர வெட்டி எடுத்துரணும். ஒரு லாட் தாரேன். ஒழுங்கா வித்துக் காட்டு. புகார் கிகார் வந்துச்சு, மிச்சம் பூராவும் தீதான், சொல்லிட்டேன்."

அப்படித்தான் ஆரம்பித்தேன். எங்கள் தெரு சகாயம் அக்கா மீன் விற்றவர். முழங்கால் போனதால் கூடையை இறக்கி வைத்துவிட்டார். அவரைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். பேர் போட்ட ஓரத்தை நறுக்கி, துணியை மூன்று மீட்டர் நான்கு மீட்டராக வெட்டி, மடித்து, படம் எடுத்து, ஆன்லைனில் போட்டோம். தையல் கடைக்காரர்கள், வீட்டில் தைக்கிற பெண்கள், கவுனுக்கு, தலையணை உறைக்கு என்று வாங்கினார்கள். ஒரே வாரத்தில் பார்சல் பறந்தது. சகாயம் அக்கா முடிச்சுப் போடுகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுத்த வாரம் போன் வர ஆரம்பித்தது. "துணி அனுப்பினீங்களா, செத்த மீன அனுப்பினீங்களா?" என்று சேலத்திலிருந்து ஒருத்தி. கோயம்புத்தூர்க்காரர் வாயில் வந்ததையெல்லாம் பேசினார். போன பார்சல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

என்ன நடந்தது தெரியுமா? துணியை அடுக்கி வைக்க, சகாயம் அக்காவின் தம்பி சும்மா போட்டிருந்த கொட்டகையைக் கேட்டு வாங்கியிருந்தோம். அது பல வருடம் கருவாட்டு மூடை அடுக்கிய இடம். பெருக்கினோம், கழுவினோம், பினாயில் ஊற்றினோம். எங்களுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தொட்டிலில் கிடந்தபோதே எங்கள் மூக்கில் ஏறின வாடை அல்லவா அது! திரும்பி வந்த துணியை இருவரும் முகத்தில் வைத்து வைத்து முகர்ந்தோம். "ஏளா, ஒண்ணுமே இல்லையே?" என்றார் அக்கா. அவர் பொய் சொல்லவில்லை.

தப்பு என்னுடையது. அதற்கு மேல் இன்னொரு தப்பும் செய்தேன். மிச்சத் துணிக்குள் அந்துருண்டையைப் போட்டு, சாம்பிராணி காட்டி, அதையும் அனுப்பிவிட்டேன். அது அதைவிட மோசமாகிவிட்டது. விற்பனைத் தளத்திலிருந்து செய்தி வந்தது. உயிர்ப்பு ஞாயிறு கழிந்த மறுநாளுக்குள் புகார்களைத் தீர்க்காவிட்டால் என் பக்கத்தை மூடிவிடுவார்களாம். மேனேஜரும் கூப்பிட்டுவிட்டார். "நான் அப்பமே சொன்னேம்லா? பக்கத்த மூடினா மறுநாளே தீதான்." சிரித்துக்கொண்டு சொன்னார்.

இந்தச் செபக்கூட்டத்துக்குத்தான் ஓடி வந்தேன். இங்கே ஒருவர், பேர் சொல்ல மாட்டேன், இப்போதும் முன் வரிசையில்தான் இருக்கிறார், "எல்லாம் ஆண்டவர் சித்தம், ரோஸ்லின். விட்டுரு" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் செபப் புத்தகத்தை எறிந்திருப்பேன். துணியை எரிப்பது ஆண்டவர் சித்தமா? மனுசன் செய்கிற அக்கிரமத்தை எல்லாம் அவர் தலையில் கட்டிவிடுவதா?

குருத்தோலை ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை, நட்ட நடு மத்தியானம். கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். நான் செபித்ததை அப்படியே சொல்கிறேன்.

"ஆண்டவரே, அஞ்சு அப்பத்த அத்தன சனத்துக்குக் குடுத்துட்டு, பொறவு மிச்சத்தப் பொறுக்கச் சொன்னவரு நீருதான? பன்னெண்டு கூடை நெறயப் பொறுக்க வச்சீருல்லா? மிச்சம் வீணாப் போனா உமக்குப் பிடிக்காதுல்லா? பொறவு ஏன் சும்மா பாத்துக்கிட்டு இருக்கீரு? நான் செஞ்சது தப்புதான். அதுக்கு என்னய அடியும். துணிய ஏன் எரிக்க விடுதீரு?"

ஆமென்கூடச் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை குசினியில் உலை வைத்துக்கொண்டு நிற்கும்போது போன். ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு அம்மா. குரலிலேயே கோபம் கொதித்தது.

"ஏம்மா, என்னத்த அனுப்பிச்சிருக்கேள்? எங்காத்துல பெருமாள் அலமாரிக்குத் திரை தைக்கணும்னு வாங்கினேன். பொட்டலத்தப் பிரிச்ச நாழியிலேர்ந்து ஆத்துக்குள்ள நிக்க முடியலை!"

நானும் கத்தினேன். "நீங்களும் ஒத்த ஸ்டாரப் போட்டுட்டுப் போங்கம்மா! எல்லாரும் அதத்தான செய்யுதாக? மிச்சத்தயும் அவன் எரிச்சிருவான். எல்லாருக்கும் நிம்மதி!"

"யாரு எரிக்கறா? எதை?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உப்பளத்துப் புகை, கருவாட்டுக் கொட்டகை, அந்துருண்டை, ஒன்றையும் மறைக்கவில்லை. "புதுத் துணியையா எரிக்கறா? அக்கிரமம்! கை வெளங்குமா அவாளுக்கு?" என்றார். இப்போது அவர் கோபம் என்மேல் இல்லை.

அவர் வைதேகி டீச்சர். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவர். பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதில்லை. "சோப்பு போட்டா அந்த வாடை போகாதும்மா. புளிப்பு பட்டாத்தான் அடங்கும். தண்ணியில வினிகரைக் கலந்து ஊறப்போட்டு அலசுங்கோ. மொதல்ல ஒரு துண்டுல பாருங்கோ, சாயம் போறதான்னு" என்றார்.

"போயிருச்சான்னு நாங்க எப்படி டீச்சர் கண்டுபிடிக்க? எங்க மூக்குக்குத்தான் தெரியாதே."

"அதுக்கென்ன, நான் வரேன்" என்றார்.

பெரிய வெள்ளியன்று எங்கள் தெருவில் யாரும் துணி துவைக்க மாட்டோம். அதனால் வியாழன் சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும். "ஊறுகாய்க்கு ஊத்துற சாமானக் கொண்டு துணி அலசுதா பாரு" என்று முதலில் சிரித்தவர்கள்தான், பிறகு சேலையைச் செருகிக்கொண்டு வந்து நின்றார்கள். சாயம் போகவில்லை. வீட்டுக்கு வீடு மொட்டை மாடியைத் திறந்து விட்டார்கள். தெரு முழுக்க நீலப் பூவும் மஞ்சள் கட்டமும் காய்ந்தது. காய்ந்ததை என் வீட்டு முன்னறையில் அடுக்கினோம். கொட்டகைப் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை காலை டீச்சர் வந்து இறங்கினார். நெற்றியில் சிவப்புக் கோடு, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார். வலைகளையும் மீன் பெட்டிகளையும் தாண்டி, வீட்டுக்குள் வந்தார். தலைப்பை எடுத்தார். முதல் துணியை எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அந்த அம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"போயிடுத்து" என்றார்.

ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் முகர்ந்தார். நாலைந்தை மட்டும் தள்ளி வைத்தார். "இத மறுபடி அலசணும்." மத்தியானம்வரை உட்கார்ந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தோம், குடித்தார். போகும்போது திரைக்கென்று நீலப் பூத் துணியை வாங்கிக்கொண்டார். நான்தான் நினைத்து நினைத்து அழுதேன்.

வாங்கியவர்கள் ஒவ்வொருவருக்கும் நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். வேறு துணி அனுப்புகிறேன் என்றேன். என் பக்கத்தில் டீச்சரே எழுதினார், நான் நேரில் போய் முகர்ந்து பார்த்தேன், நம்பி வாங்கலாம் என்று. புகார்கள் ஒன்றொன்றாக விலகின. சேலத்துக்காரிகூட மறுபடி வாங்கினாள். பக்கம் மூடப்படவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை லாரியோடு குடோனுக்குப் போனோம். மிச்சத்தில் பாதியை ஏற்கெனவே எரித்துவிட்டார்கள். "கம்பெனிக்காரன் அவசரப்படுத்தினாம்மா" என்றார் மேனேஜர். சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. அதை நான் மன்னித்தேன் என்று இங்கே நின்று பொய் சொல்ல மாட்டேன். பிழைத்த பாதியை ஏற்றிக்கொண்டு வந்தேன். அதற்காகச் சேசுவுக்கு நன்றி சொல்கிறேன், வாய் ஓயாமல் சொல்கிறேன். சத்தம் போட்டுக் கேட்ட என்னை அவர் விரட்டவில்லை. என்னைவிடச் சத்தம் போடுகிற ஒரு பெருமாள் பக்தையை எனக்கு அனுப்பினார். அன்றிலிருந்து நான் எதையும் சாம்பிராணி போட்டு மூடுவதில்லை. தப்பு என்றால் தப்பு என்று எழுதிவிடுகிறேன். இப்போது எங்கள் தெருவில் ஆறு பெண்கள் இந்த வேலையைச் செய்கிறோம்.

நீங்களும் அவரை நம்புங்கள். கோபம் ஆறட்டும், பிறகு செபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே முழங்காலில் நில்லுங்கள். பிறகு எழுந்து கதவைத் திறந்து வையுங்கள்.

நேற்று மேனேஜர் கூப்பிட்டார். இன்னொரு ஆர்டர் கேன்சலாம். இந்த முறை சிவப்பு. மழையில் நனைந்து சேறு பட்ட சரக்கு, துவைத்துத்தான் எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் எரிப்பார்கள். இங்கே யார் யார் வீட்டில் மொட்டை மாடி இருக்கிறது? கையைத் தூக்குங்கள். முன் வரிசையில் இருக்கிற அக்கா, நீங்களும்தான்.