ஸில்மியா திருப்பி வாங்கிய மீன் போத்தல்கள்

சாய்ந்தமருதுவில் ஸில்மியாவின் அச்சாறுக்குத் தனி மவுசு. கணவன் அபுல் ஹஸன் முச்சக்கரவண்டி ஓட்டுவார். இவள் வீட்டிலேயே அச்சாறு போட்டு விற்பாள். வாயும் ஓயாது, கையும் ஓயாது. செய்ததை யாராவது குறை சொன்னால் மட்டும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

போன வருடம் சூரை மீன் மலிந்து கிடந்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கடை டின்மீனைப் போல நாமே அடைத்தால் என்ன? மீனை அவித்து, எண்ணெயும் வெள்ளைப்பூடும் சேர்த்துப் போத்தல்களில் நிரப்பி, மூடியை இறுக்கி, பெரிய பானைத் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்தாள். பார்த்தவர்கள் ஆசைப்பட்டு வாங்கிப் போனார்கள். மிச்சம் அலுமாரியில் இருந்தது.

ஒருநாள் காலை அலுமாரியைத் துடைக்கும்போது ஒரு மீன் போத்தலின் மூடி உப்பியிருந்தது தெரிந்தது.

“அதுக்கென்ன, திறந்து ஒரு கிள்ளு வாயில வெச்சுப் பாப்பமே,” என்று அபுல் ஹஸன் கையை நீட்டினார்.

“தொடாதீங்க!” என்றவள், ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் தங்கை சஹ்லாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“ருசி கிசி பாத்திராதீங்க ராத்தா!” சஹ்லா பதறினாள். “அச்சாறுல வினாகிரிப் புளிப்பு இரிக்கி, நஞ்சு உண்டாக்குற கிருமி அதுல வளராது. மீனுல புளிப்பு இல்ல, போத்தலுக்குள்ள காத்தும் இல்ல. கொதிதண்ணிச் சூட்டுக்கு அது சாகாது. டின் அடைக்கிற இடத்துல அதவிடக் கூடின சூட்டுல, அமுக்கத்துல வெச்சுத்தான் எடுக்காங்க. அந்த நஞ்சு உள்ள போனா கண்ணுக்கு எல்லாம் ரெண்டாத் தெரியும், நாக்குக் குழறும், மூச்சே நிண்டு போகும்.”

“மத்தப் போத்தலெல்லாம் நல்லாத்தானே இரிக்கி?”

“உப்பாட்டியும் மணக்காட்டியும் நஞ்சு இரிக்கலாம். ஒண்டையும் வெக்காதீங்க.”

ஸில்மியா போனை வைத்தாள். ஊர் என்ன சொல்லும் என்ற நினைப்பு ஒரு கணம் வந்தது. அடுத்த கணம் அபாயாவை மாட்டிக்கொண்டு, மாற்றிக் கொடுக்க அச்சாறுப் போத்தல்களும் எடுத்துக்கொண்டு கணவனின் வண்டியில் ஏறிவிட்டாள். மீன் வாங்கியவர்களுக்கு வழியெல்லாம் போனில் சொல்லிக்கொண்டே போனாள். முன்னமே சாப்பிட்டவர்களிடம், பார்வையிலோ பேச்சிலோ கொஞ்சம் மாறுதல் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். போத்தல் வாங்கிப்போன மருதமுனை றாஹிலா மட்டும் போனை எடுக்கவேயில்லை.

அங்கே போய் இறங்கியபோது பகல் சாப்பாட்டு நேரம். றாஹிலாவும் பிள்ளைகளும் ஒன்றாக உண்ணும் பெரிய தட்டான சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சோற்றின் மேல் ஸில்மியாவின் மீன்.

“கைய எடுங்க புள்ளயள்!” வாசலிலிருந்தே கத்தினாள். “ஆராச்சும் தின்டுட்டீங்களா?”

“இன்னும் இல்ல. இப்பத்தான் பிஸ்மி செல்றம். என்ன கா இது?”

“முற தெரியாம அடச்சிட்டன் றாஹிலா. அது நஞ்சாயிரிக்கும்.”

றாஹிலா பிள்ளைகளைப் பார்த்தாள். சஹனைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். இருவருமாகச் சோற்றையும் மீனையும் பைக்குள் பை போட்டுக் கட்டி, பாத்திரங்களையும் கைகளையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்கள். பிறகு றாஹிலா அடுப்பைப் பற்றவைத்து, பானையில் மிச்சமிருந்த சோற்றுக்கு முட்டை பொரித்தாள்.

“இரிங்க கா, ஒங்களுக்கும் சேத்துத்தான். செஞ்ச பிழைய இப்பிடி வந்து செல்ல ஆருக்கு மனம் வரும்?”

ஸில்மியாவும் அவர்களோடு சஹனைச் சுற்றி உட்கார்ந்தாள். அவளுக்குப் பசி இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். திருப்பி வாங்கியதையும் வீட்டில் இருந்ததையும் திறக்காமலே சுற்றிக் கட்டி, றாஹிலா வீட்டுப் பையோடு சேர்த்து, பூனை நாய் தோண்டாத ஆழத்தில் அபுல் ஹஸன் புதைத்தார். சூரை மலிந்தால் இப்போது ஸில்மியா குளிர்ப்பெட்டியில் உறையவைக்கிறாள். அச்சாறு வியாபாரம் முன்னைவிட நல்லாவே நடக்கிறது. கடைக்குப் போனால் ஒவ்வொரு டின்னையும் உருட்டிப் பார்ப்பாள். உப்பல், கசிவு, விளிம்பில் நெளிவு இருந்தால் வாங்கமாட்டாள்.

“மாப்பிள்ள பாக்கக்குள்ளயும் நீ இவ்வளவு பாக்கல்லியே,” என்பார் அபுல் ஹஸன்.

“அது உம்மா பாத்தது,” என்று சிரித்தபடி அடுத்த டின்னை எடுப்பாள்.