விளக்கு வரைந்த சிடி

என் புடவைப் பெட்டியின் அடியில், சிவப்புத் துணியில் சுற்றி, இரண்டு சிடிகள் வைத்திருக்கிறேன். ஒன்றின் மேல் கறுப்பு மையால் ஒரு குத்துவிளக்கு வரைந்திருக்கும். இன்னொன்றில் ஒரு பானை. எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. வரைந்தவள் சிரம்பான் பக்கம் தெமியாங்கில் சிடிக்கடை வைத்திருந்த ஒரு பெண். கூடப் பிறக்காத தங்கச்சி என்றுதான் அவளைச் சொல்வேன்.

எங்கள் ஒரே மகளுக்கு ஆஸ்திரேலியாவில் கல்யாணம் நடந்தபோது, நானும் வீட்டுக்காரரும் மலேசியாவில், கோலா பிலா பக்கம் ரப்பர் தோட்டத்து வீட்டிலேயே இருந்துவிட்டோம். அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. கட்டிலும் அதற்கு எதிரே டிவியும்தான் அவர் உலகம். முப்பது வருஷம் இரண்டு பேரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டி வளர்த்த பெண். அவள் கழுத்தில் தாலி ஏறும்போது அட்சதை போட முடியவில்லையே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார், அவ்வளவுதான். மகள் போனில் அழுதாள். "வீடியோ அனுப்பறேம்மா. அப்பா டிவியில பாத்து அரிசி போடட்டும். அப்பத்தான் எனக்குக் கல்யாணம் முடிஞ்ச மாதிரி."

அனுப்பினாள். பக்கத்து வீட்டு நர்ஸ் அதை இறக்கி, ஒரு பெண்ட்ரைவில் போட்டு, டிவியின் முதுகில் சொருகிக் கொடுத்தாள். நான் மஞ்சள் கலந்த அரிசியை அவர் கையில் வைத்தேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புகிறது, தவில்காரர் கை பறக்கிறது, வீடு மட்டும் அமைதியாக இருக்கிறது. மாப்பிள்ளை தாலியை எடுத்ததும் அவர் கையை இறுக்கி மூடிக்கொண்டார். குழறின வாயோடு சொன்னார்: "மேளம் இல்லாம தாலியா? இது என்ன எழவு வீடா? நிறுத்து."

நிறுத்தினேன். மேளம் கொட்டாமல் தாலி ஏறுவதைப் பார்ப்பது நல்லதில்லை என்று எனக்கும் தெரியும். இன்னொரு தடவை வாதம் வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தது அதைவிட நன்றாகத் தெரியும்.

மறுநாளே பெண்ட்ரைவை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு சிரம்பானுக்குப் பஸ் ஏறினேன். முதலில் போன கடையில், "சத்தம் இல்லன்னா என்ன ஆண்ட்டி, நல்ல கல்யாணப் பாட்டா மேல போட்டுத் தரேன்" என்றான். எவர் வீட்டுக் கல்யாணத்துக்கோ பாடினதை என் மகள் தலையில் கட்டுவதா? திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

விசாரித்து விசாரித்துத்தான் தெமியாங் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். சுவரில் சிலுவை, அதன் கீழே கம்ப்யூட்டர், அதன் முன்னால் ஐம்பது வயதுப் பெண். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். "சத்தம் எங்கயும் போகலக்கா. உள்ளதான் இருக்கு. இதக் கட்டியிருக்கிற விதம் உங்க டிவிக்குப் புரியல. சிடியா மாத்தினா பேசும்லா" என்றாள். மாற்றுவதற்கு வெகுநேரம் பிடித்தது. தன் சோற்றில் பாதியை எனக்கு வைத்தாள். முடிந்ததும் தாலி கட்டும் இடத்தைத் தேடி வைத்து, சத்தத்தைக் கூட்டினாள். கெட்டிமேளம் கடையை நிறைத்தது. பக்கத்துக் கடைச் சீனர் எட்டிப் பார்த்தார். "எங்க அக்கா மகளுக்குக் கல்யாணம்!" என்று அவரிடம் மலாயில் கத்திச் சொன்னாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு கேட்டாள்: "ரெண்டு சிடி ஆயிடுச்சுக்கா. மேல என்ன எழுதட்டும்?"

தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். என் பேரைக் கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் கேட்கக்கூடாது. அதை யாரிடமும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "எதையாவது எழுதும்மா. கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்" என்றேன் மிடுக்காக.

கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "ஆமாக்கா, இது வெயிலுக்குப் போடற கண்ணாடி போல" என்று சொல்லி மைப்பேனாவை எடுத்து, குனிந்து, ஒரு விளக்கும் ஒரு பானையும் வரைந்தாள். "விளக்கு கல்யாணம். பானை விருந்து. மாமாவுக்கு முதல்ல விளக்கப் போடுங்க." அன்றைக்கு அவள் எனக்குக் கொடுத்த மரியாதையை வேறு யாரும் கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்து, டிவிக்குக் கீழே இருந்த சிடிப் பெட்டியில் விளக்கைப் போட்டேன். மேளம் வந்தது. முன்பு போலவே அரிசியை அவர் இடது கையில் வைத்தேன், இந்தத் தடவை வேண்டாம் என்று தலையாட்டினார். நல்ல காரியத்துக்கு இடது கை ஆகாதாம். செத்துக் கிடந்த வலது கையை என் கையால் தூக்கிப் பிடித்தேன். கெட்டிமேளம் கொட்டியது. டிவியின் மேல் மஞ்சள் அரிசி சிதறியது. போனில் மகள், "போட்டாராம்மா? போட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை அவர் வாயருகே கொண்டுபோனேன். அவர்தான் சொன்னார்: "போட்டேன்மா."

அன்றைக்கு வைத்த சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

இப்போது அவர் இல்லை. சிடி போடும் பெட்டியும் இல்லை. தெமியாங் கடையில் வேறு யாரோ போன் விற்கிறார்கள். அவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை. "எல்லாம் போன்லயே இருக்கும்மா, அந்தச் சிடியத் தூக்கிப் போடு" என்கிறாள் மகள். பழைய டிவியை வெளியே தூக்கியபோது அதன் இடுக்கிலிருந்து நாலைந்து மஞ்சள் அரிசி விழுந்தது. பொறுக்கி, அந்தச் சிவப்புத் துணியிலேயே முடிந்து வைத்தேன்.

கண்பார்வை மங்கிவிட்டது. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும், அந்த விளக்கை மட்டும் என்னால் படிக்க முடிகிறது.