அம்மா வாசிப்பை நிறுத்திய வெள்ளிக்கிழமை

அம்மா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய பொறுமையைப் பற்றி எழுது என்றார்கள் உறவினர்கள். அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. அவரோடு ஒரு வாரம் இருந்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே எனக்குத் தெரிந்த அம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், கொத்து வேலை செய்தவரின் மூத்த மகளாக அம்மா பிறந்தார். நர்சிங் படித்தார். மணமாகி நானும் தம்பியும் பிறந்தபின், அப்பா திடீரென்று இறந்துபோனார். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு ஓமானில் மஸ்கட் வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ரூவி பகுதியில் கடைகளுக்கு மேலே இரண்டு அறை வீடு. அம்மாவின் விசாவில்தான் நாங்கள் இருவரும் அங்கே இருந்தோம். அந்த வேலை போனால் மூவரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டில் வேதாகம வாசிப்பு நடக்கும்; அக்கம்பக்கத்தவரும் வருவார்கள். யூதர்கள் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்களை, வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்து ஓராண்டில் வாசித்து முடிப்பார்கள் என்று படிக்கும் காலத்தில் ஒரு போதகர் அம்மாவுக்குச் சொல்லியிருந்தார். அம்மா அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அதோடு தன் சட்டம் ஒன்றையும் சேர்த்தார்: ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பாடம் எடுக்க வேண்டும், அடுத்த வெள்ளிக்குள் அதைச் செய்து காட்ட வேண்டும். பகைவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் தூக்கிவிடு என்ற பகுதி வந்த வாரம், பார்க்கிங் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த கீழ்வீட்டு அக்காவின் அரிசி மூட்டையை அம்மா மாடிவரை சுமந்தார். அந்த அக்கா பயந்தே போனார்.

பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமம் வந்தால் மட்டும் கூட்டம் குறையும். ரூவியில் ஏசி மெக்கானிக்காக இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒவ்வொரு ஆண்டும் முனகுவார். “எக்கா, ஆட்டுக் கொழுப்புலயும் குண்டிக்காயிலயும் என்ன பாடம் எடுக்கப் போற?” பலி ஆட்டின் சிறுநீரகத்தைத்தான் வேதம் குண்டிக்காய் என்கிறது.

அந்த வெள்ளியும் லேவியராகமம்தான். அம்மா இரவு டூட்டி முடித்து வந்து, குளித்து, தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருந்தார். ஒருவன் அறியாமல் செய்த தவறு பிறகு அவனுக்குத் தெரியவந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பகுதி. தெரியாமல் செய்தது எப்படிக் குற்றமாகும் என்று தம்பி கேட்டான். பதில் சொல்ல வாய் திறந்த அம்மா புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தார்.

“அந்தப் பையன் ஆப்ரேஷனுக்கான்னு கேட்டாம்லா” என்றார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவின் காரில் மருத்துவமனைக்கு விரையும்போதுதான் சொன்னார். வார்டில் சர்க்கரை நோய்க்கு ஒருவர் இருந்தார். பாஸ்போர்ட்டில் அவர் பெயர் முருகேசன் செல்வராஜ். மற்ற நாட்டு நர்சுகள் முன்னால் இருக்கும் பெயரைப் பார்த்து முருகேசன் என்றே அவரைக் கூப்பிடுவார்கள். முருகேசன் அவருடைய அப்பா பெயர் என்பது தமிழர்களான நமக்குத் தெரியும். அன்று விடிகாலை அம்மா உரிமையோடு, “செல்வராஜ் யாருப்பா?” என்று கேட்டிருக்கிறார். கைதூக்கியவர் இன்னொரு செல்வராஜ். இவருடைய அப்பாவும் முருகேசன்தான். ஆனால் இவர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் இருந்தது. இவர் குடலிறக்க ஆப்ரேஷனுக்காக வெறும் வயிற்றோடு படுத்திருந்தவர். அம்மா இவருக்கு இன்சுலின் போட்டுவிட்டார். “ஆப்ரேஷனுக்கா சிஸ்டர்?” என்று இவர் கேட்டதைக் காதில் வாங்காமல், “தூங்குங்க” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சர்க்கரை நோய்க்காரருக்கு ஆப்ரேஷன் ஏது என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

காரிலிருந்தே அம்மா கூப்பிட, வார்டுப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மாமா ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில் ஒரு மலையாள நர்ஸ் எடுத்தார். ஆறாம் கட்டிலில் இருக்கும் செல்வராஜ் எப்படி இருக்கிறார் என்று அம்மா கேட்டார்.

“ஆறாம் பெட்டா சேச்சி? நல்லா உறங்குன்னு.”

“உறங்கல மோளே, மயக்கம்! எழுப்பு. சுகர் பாரு, இப்பவே பாரு.”

“எந்தா சேச்சி காரியம்?” என்ன விஷயம் என்று அவர் பதறினார்.

மாமா சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அம்மா கையிலிருந்த போனின் வாயைக் கையால் பொத்தினார். “எக்கா, சுகரு பாக்கச் சொல்லிட்டல்லா, அது போதும். குறைஞ்சிருந்தா அவங்களே குளுக்கோஸ் ஏத்துவாவ. நீ ஊசி போட்டேன்னு எதுக்குச் சொல்லுத? பிள்ளைகளப் பாரு!”

அம்மா எங்களைப் பார்த்தார். எனக்கு அந்த நிமிடம் மாமா சொன்னதுதான் சரி என்று பட்டது. தம்பி அழுதுகொண்டிருந்தான்.

“ஏலே, ஒரு தடவ ஏத்திட்டு சரியாயிட்டுன்னு விட்டுருவாவ. மருந்து உள்ளதான் கெடக்கும். மறுபடி எறங்கும். காரணம் தெரிஞ்சாதான உக்காந்து பாப்பாவ?” மாமாவின் கையைத் தட்டிவிட்டு, போனில் சத்தமாகச் சொன்னார்: “இன்சுலின் போட்டது நான்தான். ஆள் மாறிப் போட்டுட்டேன். டாக்டர்ட்ட அப்படியே சொல்லு. பக்கத்துலேர்ந்து நகராத.”

சிக்னல் பச்சையாகியும் மாமா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. செல்வராஜ் சற்றுத் தேறினார், ஆனால் அம்மா சொன்னபடியே மறுபடி சர்க்கரை இறங்கியது. காரணம் தெரிந்திருந்ததால் டாக்டர் கட்டிலை விட்டு விலகவில்லை. நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அன்று சாயங்காலம் செல்வராஜ் எழுந்து உட்கார்ந்து, “பசிக்குது சிஸ்டர்” என்றார். அம்மா சுவரில் சாய்ந்து அழுதார். நாங்களும் அழுதோம்.

விசாரணை நடந்தது. பல வாரங்கள் அம்மாவுக்கு டூட்டி இல்லை. போன் மணி அடித்தாலே வீட்டில் பேச்சு நின்றுவிடும். நான் பெட்டியில் துணிகளை அடுக்கக்கூடத் தொடங்கிவிட்டேன். மாமா வெள்ளிக்கிழமைகளில் வருவதை நிறுத்தினார். கடைசியில் தானாகச் சொன்னதைக் கணக்கில் எடுத்து, எச்சரித்து, மீண்டும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். அதன்பின் எந்த நோயாளியானாலும், பெயரையும் அப்பா பெயரையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்து, கைப்பட்டையில் உள்ள எண்ணையும் பார்க்காமல் அம்மா ஊசியைத் தொட்டதில்லை. மாமாவும் திரும்பி வந்தார், அதே முனகலோடு. மாமா இதைப் படித்துக் கோபிக்கக் கூடாது.

செல்வராஜ் அண்ணன் அரியலூர்க்காரர். கோவிலுக்குப் போகிறவர். ஆனாலும் லீவு கிடைத்த வெள்ளிகளில் வாசிப்புக்கு வருவார். “எனக்கு ஊசியே போட்டீங்க, பாடத்தையும் குடுங்க சிஸ்டர்” என்று அம்மாவைக் கேலி செய்வார்.

வேலையில் இருக்கும்போதே அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. கடைசி நாட்களில் எங்களை அடையாளம் காண்பதே அபூர்வமாகிவிட்டது. ஒரு காலை புதிதாக வந்த இளம் நர்ஸ் ஊசியோடு வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

“பேரக் கேளும்மா மொதல்ல. அப்பா பேரயும் கேளு.”

அந்தப் பெண் கேட்டாள். அம்மா தன் பெயரையும் தாத்தாவின் பெயரையும் தெளிவாகச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். அதன்பின் அம்மா பேசி நாங்கள் கேட்கவில்லை.

அம்மாவின் உடலை ஊருக்கு அனுப்ப அலுவலகம் அலுவலகமாக அலைந்த ரூவி நண்பர்களுக்கும், வார்டுத் தோழிகளுக்கும், சபையாருக்கும், மாமாவுக்கும், சவப்பெட்டியின் முன்பக்கத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் விமான நிலையத்தில் தோள்கொடுத்த செல்வராஜ் அண்ணனுக்கும் நன்றி. அந்த இளம் நர்ஸுக்கும் நன்றி. அவள் பெயரைக் கேட்டு வைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா இருந்திருந்தால் எங்களைத் திட்டியிருப்பார்.