சுவரோரம்

செவ்வாயும் வெள்ளியும் விடிகாலை பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போவோம். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, ரத்தத்தை மெஷினில்தான் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. திரும்பும்போது வழி நெடுகக் கரிசல் காடு, ஜன்னல் கம்பியில் சாய்ந்து கிடக்கும் அவர் தலை. வீடு சேரும்போது இரண்டு பேருக்கும் வாய் திறந்து பேசத் தெம்பு இருக்காது.

ஒருநாள் செருப்பைக் கழற்றியதும், "ஏட்டி, இனிமே நான் வரல. போதும்" என்றார். கத்தினேன், அழுதேன். இனி அந்தப் பஸ் இல்லை என்பதில் எனக்கும் ஓர் ஆறுதல் இருந்தது. அதை நினைத்தும் அழுதேன். அவர் பாட்டுக்குப் படுத்துக்கொண்டார்.

எங்கள் சபையில் ஒருவர் வைத்தியத்தை நிறுத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆண்டவர் குணமாக்குவார் என்ற விசுவாசம். ஜெபக்குழு அக்காமார் கைகொட்டிப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள். அந்த ஞாயிறே ஆராதனையில் எல்லார் முன்னாலும் அவரைச் சாட்சி சொல்ல எழுப்பிவிட்டார்கள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொகமாயிரும்னு நிறுத்தல. களைச்சுப் போச்சு. ஆண்டவர் கூப்பிட்டா போறேன்."

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. வெளியே வந்ததும் சபை மூப்பர் ஒருவர் என்னை ஒதுக்கமாக அழைத்து, "இது தன் உயிரத் தானே மாய்ச்சுக்கிடுத கணக்குல வந்துராதாம்மா?" என்றார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் தற்கொலை செய்துகொண்டவர்களைச் சுவரோரமாகத்தான் புதைப்பார்கள். மணியும் அடிக்கமாட்டார்கள்.

ஐயரிடம் ஓடினேன். போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "சாவத் தேடிப் போறது வேற, தாங்க முடியாத வைத்தியத்த வேண்டாங்குறது வேறம்மா. இது பாவமில்ல" என்றார். நல்ல மனுஷன். ஆனாலும் அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். மூச்சு வாங்குகிறவர் பக்கத்தில் படுப்பவள் நான்தானே.

செவ்வாய் விடிந்தது. பழக்கதோஷத்தில் துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டேன். அவர் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, என்னையச் சுவரோரமாப் போட்டுருவாவளோ?"

அந்தப் பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. ஐயர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"போட்டாப் போடட்டும். பக்கத்துல எனக்கும் ஒரு எடம் கேட்டு வைக்கேன்."

சிரித்தார். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. பையிலிருந்த துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன்.