நடக்காத கூட்டம்

கடலூர்ப் பக்கம் ஒரு டிரஸ்ட் வைத்து, பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்தினேன். வரவு செலவெல்லாம் சரியாக இருக்கும். உறுப்பினர் கூட்டம் மட்டும் போட்டதே இல்லை. நடந்ததாக நோட்டில் எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிவிடுவேன்.

வரிவிலக்கைப் புதுப்பிக்கச் சிதம்பரம் போனேன். ஆடிட்டர் அம்மா நோட்டைப் புரட்டினார்.

“இந்தத் தேதியில வெள்ளம். பஸ்ஸே ஓடல. காட்டுமன்னார்கோயில் உறுப்பினருங்க நீஞ்சியா வந்தாங்க?”

உண்மையைச் சொன்னேன்.

“பொய் நோட்டை வச்சி நான் கையெழுத்து போட மாட்டேன். வரிவிலக்கு வேணும்னா நிஜமா கூட்டம் போடுங்க.”

போட்டேன். மூன்று வருடமாகக் கையெழுத்து மட்டும் போட்டுவந்த மீன்கார அஞ்சலை அன்றுதான் வாய் திறந்தாள்.

“ஏன் மாமா, ஏழு மணிக்கு டியூஷன் வச்சா பொண்ணுங்க இருட்டுல எப்படி வரும்?”

டியூஷனுக்கு வராத பெண்பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆசை இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். யாரையும் கேட்டதில்லை.