இரண்டு பக்கெட்டும் ஒரே லாரியும்

இன்று காலை காய்கறித் தோலைத் தனி வாளியில் கொட்டும்போது, ஊறிப்போன வாழைப்பழத் தோலின் வாடை மூக்கில் ஏறியது. அந்த வாடை வந்தாலே எனக்குத் துடியலூர் ஞாபகம்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, என் முதல் வேலை.

சின்னத் தொண்டு அமைப்பு ஒன்று. நான்கு தெருக்களில் வீட்டுக்கு இரண்டு பக்கெட் கொடுத்து, மக்கும் குப்பையைப் பிரித்துப் போடச் சொல்ல வேண்டும். தோளில் ஜோல்னாப் பை, வாயில் ஓயாத பிரசங்கம். பக்கெட் விற்க வந்தவன் என்று நினைத்து விலை கேட்டவர்களே அதிகம்.

மூலை வீட்டு டீச்சரம்மா மட்டும் முழுதாகக் கேட்டார். "ஏனுங்க தம்பி, நாங்க பிரிச்சுக் குடுத்தா நீங்க போயிக் கலந்துபோட மாட்டீங்களே?"

"மாட்டோமுங்க" என்றேன். இருபத்து மூன்று வயதில் எந்த வாக்கையும் யாருக்கும் கொடுத்துவிடலாம்.

தள்ளுவண்டியில் குப்பை எடுத்தவர் பழனியம்மாக்கா. ஒரு காலி மனையில் நாங்கள் தோண்டிய உரக்குழியில் கொண்டுபோய்க் கொட்டுவார். முதல் உரத்தைக் கையில் அள்ளி முகர்ந்து, "மழ பேஞ்ச காட்டு மண்ணாட்டம் இருக்குது கண்ணு" என்றார். டீச்சரம்மா அதைக் கனகாம்பரத்துக்குப் போட்டார்.

அடுத்த கோடையில் மனைக்காரர் குழியை மூடச் சொல்லிவிட்டார். வேறு இடம் தேடி அலைந்தேன். எல்லோரும் டீ கொடுத்து, மரியாதையாக மறுத்தார்கள். இடம் கிடைக்கும்வரை எல்லாவற்றையும் சேர்த்து ஊர்க் குப்பை லாரியில் ஏற்றிவிடு என்றார்கள் அமைப்பில்.

அன்று காலை டீச்சரம்மா இரண்டு பக்கெட்டையும் வெளியே வைத்துவிட்டு வாசல் கேட்டருகே நின்றார். பழனியம்மாக்கா என்னைப் பார்த்தார். நான் லாரியைப் பார்த்தேன். இரண்டும் ஒரே குவியலில் விழுந்தன.

டீச்சரம்மா கோபப்படவில்லை. "நாளைக்கும் பிரிச்சு வெக்கோணுங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவர் மறுநாளும் பிரித்துத்தான் வைத்தார்.

ஒரு வாரத்தில் மற்ற வீடுகளில் பிரிப்பதை விட்டுவிட்டார்கள். குப்பைக்குள் கிடந்த உடைந்த பல்பு பழனியம்மாக்காவின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கட்டுப் போட அழைத்துப் போனேன். வழியில், "என்னாலதானுங்க்கா" என்றேன்.

"உம்மேல என்ன தப்பு கண்ணு. பிரிச்சு வந்தப்ப உள்ள என்ன இருக்குதுன்னு கைக்குத் தெரியும். இப்பத் தெரியறதில்ல."

இடம் கடைசிவரை கிடைக்கவில்லை. ஈரோட்டில் ஒரு மில் ஆபீஸ் வேலை கிடைத்ததும் போய்விட்டேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை; என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

போன மாதம் அந்தத் தெருவுக்குப் போனேன். உரக்குழி இருந்த மனையில் நான்கு மாடி நிற்கிறது. டீச்சரம்மாவின் வீட்டை இடித்துவிட்டார்கள். பழனியம்மாக்காவை விசாரித்தேன். அப்படியொருவர் அங்கே குப்பை எடுத்ததே யாருக்கும் தெரியவில்லை.